புளி போட்டு விளக்கிய சக்கரம்

அத்தான் படுக்கும் கட்டிலில் சாக்கை விரித்து அந்தச் சக்கரத்தைக் கிடத்தியிருந்தார்கள். நோயாளி நாற்காலிக்கு மாறியிருந்தார். திருச்சுழியில் பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்து வந்த எனக்கு, அது மின்னிய மின்னலைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. மின்னுகிற பழைய மெக்னீசியம் சக்கரத்தை நான் நம்புவதே இல்லை.

என் பிழைப்பு அப்படி. பழைய பந்தயக் கார்களை வாங்கிச் சீர்செய்து ஓட்டும் பணக்காரர்களுக்காக, அவற்றின் சக்கரங்களைச் சோதித்து மதிப்புச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் இதைச் சொன்னால் யாரும் பெண் தர மாட்டார்கள் என்று அக்கா கேலி செய்வாள். மெக்னீசியம் அலுமினியத்தைவிட லேசு. வேகத்துக்கு நல்லது, ஆனால் சவலைப்பிள்ளை. உப்பும் புளிப்பும் ஆகவே ஆகாது. பெயின்டுக்கு அடியில் விரிசல் ஒளிந்திருக்கும். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் கோடாக எழும்பி வரும். கோடு வந்த சக்கரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும்.

அக்கா புருஷனான அத்தான் என்னைக் கூப்பிட்டது மதிப்புச் சொல்ல அல்ல. வாலிபத்தில் அவர் கோயம்புத்தூரில் ஒரு முதலாளியின் பந்தயக் காருக்கு மெக்கானிக்காக இருந்தார். ஓட்டியது முதலாளியின் மகன். ஒரு பந்தயத்தன்று காலையில் அத்தான் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்லியிருக்கிறார். வளைவில் கார் சுவரில் மோதி அந்தப் பையன் இறந்துபோனான். முன்சக்கரம் ஒன்று ஒடிந்து கிடந்தது. யாரும் அத்தானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே வேலையை விட்டார். ஒடிந்த சக்கரத்துக்குக் கிரீஸ் பூசி, தார்ப்பாயில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து பரணில் போட்டவர், அப்புறம் டிராக்டர்தான் பழுது பார்த்தார்.

சிறுநீரகம் இரண்டும் போய், ரத்தம் சுத்திகரிக்க விருதுநகருக்கு அலையத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் போன் செய்தார். “மாப்ள, ஒடிஞ்ச எடத்தப் பாத்துச் சொல்லு. சக்கரம் ஒடிஞ்சு கார் போய் மோதுச்சா, மோதுனதுல சக்கரம் ஒடிஞ்சுச்சா? தெரிஞ்சுக்கிட்டுப் போயிருதேன்.”

சொல்லிவிடலாம் என்றுதான் நம்பினேன். முன்பே விரிசல் இருந்தால் அந்தப் பரப்பு கறுத்து, மெல்லிய வரிகளோடு இருக்கும். மோதி ஒடிந்தது கற்கண்டை உடைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். கிரீஸ் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

அக்காவிடம் அவர் இதையெல்லாம் சொன்னதே இல்லை. தம்பி வீல் பார்க்க வருகிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். விலை மதிக்க வருகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சந்தைக்குப் போகும் ஆட்டைக்கூடக் குளிப்பாட்டித்தான் ஓட்டிப்போகும் ஊர் இது. முந்தின நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது சக்கரத்தை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கிரீஸு சோப்புக்குப் போகலடா. பெறகு குத்துவெளக்குக்குப் போடுற மாதிரி புளியும் உப்பும் அப்பி ஊறப் போட்டேன். பொங்கிப் பொங்கி நொரை வந்துச்சு. அம்புட்டு அழுக்கு!” போர்வெல் தண்ணீர் கறை பிடிக்குமென்று, விலைக்கு வாங்கிய குடிதண்ணீரில் அலசியிருந்தாள்.

பொங்கியது அழுக்கல்ல, உலோகம். லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒடிந்த இடம் முழுக்க அம்மைத்தழும்பு மாதிரி குழிகள். கறுப்பும் இல்லை, வரியும் இல்லை, கற்கண்டுச் சொரசொரப்பும் இல்லை. மனசு கேட்காமல் சாயத்தையும் தடவித் துடைத்துப் பொடி அடித்தேன். கோடாக எதுவும் எழும்பாமல் எல்லா இடமும் சிவந்தது. அக்கா மேல் ஆத்திரமாக வந்தது. அவளிடம் வாயைத் திறக்காத இந்த மனுஷன் மேல் அதைவிட ஆத்திரம் வந்தது.

அவளைக் காப்பி போட அனுப்பிவிட்டு அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

“தெரியல அத்தான். இனி யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப நாந்தான் மாப்ள.”

அப்படி இல்லை, மோதியும் ஒடிந்திருக்கலாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். துக்க வீட்டில் ஆறுதலைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டார். “எனக்குச் சாதகமா இருந்திருந்தா, இத்தன வருசம் இருந்தது நீ வாரதுக்கு மொத நாளா அழியும்? ஒங்க அக்காகிட்ட மூச்சு விட்றாத.”

அக்கா காப்பியோடு வந்தாள். எப்படி இருக்கிறது என்று அவரைத்தான் கேட்டாள்.

“நல்லா வெளக்கிருக்க” என்றார் அத்தான்.

அந்த ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் போய்விட்டார். சக்கரத்தை வாங்கிப்போய் எங்காவது தொலைத்துவிட வேண்டும் என்று போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அது அவர் படத்துக்குக் கீழே, பொட்டு வைத்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்குகளோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்க்கிறாளாம். ஓரங்கள் கரைந்து மெலிந்திருந்தன. கேட்டதற்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“கட்டிக்கிட்டு வந்ததுலருந்து அவுக என்னைய வாயத் தொறந்து மெச்சுனது இதுக்கு மட்டுந்தான்டா.”