அக்காவின் கன்னக்குழி

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று என் அக்காவை ஸ்டுடியோ பக்கமே கூட்டிப் போகவில்லை. பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் அவள் போனபோது, அவள் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எங்கள் வீட்டில் இல்லை.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்து, வருஷம் ஒருமுறை பாவாடை சட்டை படைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளுக்கு ஒரு செங்கல் நட்டால் போதும். அம்மாவுக்குப் போதவில்லை. மகளின் முகம் வேண்டும் என்று இரண்டு வருஷம் அப்பாவைப் பிடுங்கி எடுத்தாள். கடைசியில், கோபுரங்களுக்குச் சுதைப் பொம்மை செய்கிற ஸ்தபதி ஒருவர் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அக்காவின் சாடை என்று ஒன்பது வயதான என்னை அவர் முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கன்னத்தைப் பூசும்போது ஸ்தபதி கேட்டார். "ஏம் பாப்பா, சிரிச்சா உனக்குக் குழி விழுதே, அக்காவுக்கும் விழுமா?"

"விழும்" என்றேன். விழாது. என்னிடம் அழகு என்று ஊர் சொன்னது அந்தக் குழி ஒன்றைத்தான். சாமியாகப் போகிற முகத்தில் என்னுடையதும் கொஞ்சம் இருக்கட்டுமே என்ற பேராசை. ஸ்தபதி அப்பாவைப் பார்த்தார்.

"வெள்ளனக் காட்டுக்குப் போனா இருட்டித்தான் வாரேன். எனக்கென்ன தெரியும்ண்ணே?" என்றார் அப்பா. ஸ்தபதி ஈரச் சுதையில் கட்டைவிரலை அழுத்தினார்.

சாயங்காலம் அம்மா வந்து சிலையை வெகுநேரம் பார்த்தாள். குழியில் விரல் வைத்தவள் என் பக்கம் திரும்பினாள். "அவளுக்குக் குழி விழுமாடி? உனக்கு நல்லா ஞாபகமிருக்கா?"

மாட்டிக்கொண்டோம் என்றே எனக்குப் பட்டது. "சத்தியமா" என்றேன்.

"ஆமா, விழும்" என்றாள் அம்மா, மெதுவாக. தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிணற்றடிக்கு ஓடிவிட்டேன்.

அதன்பின் சாகும்வரை அம்மா அந்தக் குழியைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள். உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கும்பிட்ட கையோடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? இப்போது எனக்கே அக்கா என்றால் குழி விழுந்த முகம்தான் வருகிறது.

அன்று என் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் அம்மா அப்படிக் கேட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு மகளின் முகம் மறந்துகொண்டிருந்தது. பெற்றவள் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள்.