சோத்துல என்னத்தைப் போட்டுப் பிசைய?

எங்க வீட்டுக்காரருக்கு நாக்குக்கு அடியில ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு, அப்புறம் ரேடியேஷன்னு கரண்டும் வச்சாங்க. கட்டி போச்சு, கூடவே ருசியும் போச்சு. டாக்டர் ரொம்ப சாதாரணமாச் சொன்னாரு: "ருசி திரும்பி வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மருந்துன்னு நினைச்சு சாப்பிடணும். எடை இன்னும் இறங்குச்சுன்னா மூக்கு வழியா குழாய் போட வேண்டி வரும்." வெளியில வந்ததும் இவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஊசின்னாக்கூட சிரிச்சுக்கிட்டே கையை நீட்டற மனுஷன். "குழாய் மட்டும் வேணாம் புள்ள. எப்படியாவது என்னைச் சாப்பிட வை"ன்னாரு.

எப்படியாவதாம்! அந்த ஒரு வார்த்தையை என் தலையில கட்டிட்டு, அவரு பாட்டுக்கு ஆட்டோவுல ஏறி உட்கார்ந்துட்டாரு.

இவரு பொறந்து வளர்ந்ததே ஹைதராபாத்துல. அவங்கப்பா ரயில்வே ஒர்க் ஷாப், இவரு காஞ்சன்பாக் பக்கம் ஒரு ஃபேக்டரியில லேத்து வேலை. ரிடையரான பிறகு குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்கு வந்துட்டோம். பேசறது மதுரைத் தமிழ், கோபம் வந்தா உருது, தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்தா மட்டும் முழுத் தெலுங்கு. எங்க பக்கம் சோறு போட்டா முதல்ல குழம்பு. இவருக்கு அதெல்லாம் ஆகாது. ஆவி பறக்கிற சோறு, ஒரு கரண்டி நெய், அதுமேல ஏதாவது ஒரு பொடி. அதை முடிச்சாத்தான் குழம்புப் பக்கம் திரும்பியே பார்ப்பாரு. ஃபேக்டரியில கூட வேலை பார்த்தவங்களோட டிபன் கேரியர்ல கை வச்சு வச்சுப் பழகினது. கல்யாணமான புதுசுல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். நான் மசாலா அரைச்சு வச்ச குழம்பு ஆறிக் கிடக்கும், இவரு பொடியோட கொஞ்சிக்கிட்டு இருப்பாரு. அப்புறம் நானே பொடிக்காரி ஆயிட்டேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, கொள்ளுப் பொடின்னு ஷெல்ஃபுல வரிசையா டப்பா நிக்கும்.

அதனால டாக்டர் சொன்னப்போ எனக்குள்ள ஒரு திமிர்கூட இருந்துச்சு. இந்த நாக்கை எனக்குத் தெரியாதா, பொடியை வச்சே இழுத்துட்டு வந்துடுவேன்னு நினைச்சேன்.

நினைப்புதான். வாயெல்லாம் புண்ணு, காரம் கூடாது. புளி கூடாது. மிளகாய் இல்லாம பருப்புப் பொடி அரைச்சா அது என்ன பொடி, மூஞ்சிக்குப் பூசற கடலை மாவு. இருந்தாலும் பூண்டை நெய்யில வதக்கிப் போட்டு, பெருங்காயத்தைப் பொரிச்சுப் போட்டு, சோத்தைக் குழைய வடிச்சு, பிசைஞ்சு கொண்டு போய் வச்சேன். ஒரு வாய் வச்சாரு. கண்ணை மூடி ரொம்ப நேரம் மென்னாரு. பரிட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னேன்.

"நக்கோ"ன்னாரு.

வேணாம்னு அர்த்தம். இந்த ஊர் உருது வார்த்தை அது ஒண்ணுதான் அப்புறம் வாரக்கணக்கா எங்க வீட்டுல. கறிவேப்பிலைப் பொடியா, நக்கோ. வறுத்த எள்ளா, நக்கோ. கொள்ளா, நக்கோ. தயிர்ச் சோத்துல மாதுளம் முத்து போட்டேன். தேங்காய்ப்பால் ஊத்தினேன். ஆட்டுக்கால் சூப்பைச் சோத்துல ஊத்தி மசிச்சேன். நெய்யை மாத்தினேன், அரிசியை மாத்தினேன், தட்டைக்கூட மாத்தினேன். "எப்படித்தாங்க இருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்"னு ஒரு நாள் கத்தியே கேட்டுட்டேன். "லேத்துல விழற இரும்புத் தூளைப் போட்டுப் பிசைஞ்ச மாதிரி இருக்கு. நீ என்ன போட்டாலும் அப்படித்தான் இருக்கு"ன்னாரு. கோபமில்லாம சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. நக்கோன்னு தட்டைத் தள்ளறவரை எதிர்த்துக்கலாம். மன்னிச்சுக்கோங்கற மாதிரி பார்க்கறவரை என்ன பண்றது?

இதுல போன்ல வேற ஆளாளுக்கு வைத்தியம். சுக்குப் பொடி போடு, ஓமம் போடு, மனசைத் தளரவிடாதே. மனசைச் சோத்துல போட்டுப் பிசைய முடியுமான்னு கேட்க வாய் வரைக்கும் வரும். சரிங்க சரிங்கன்னு வச்சுடுவேன். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரியில எடை பார்க்கிறப்பவும் அந்த மெஷினை ஏறெடுத்துப் பார்க்கவே எனக்கு தைரியம் இருக்காது. இறங்கிக்கிட்டேதான் இருந்துச்சு.

அப்போதான் ஆவக்காய் சீசன் வந்துச்சு. எதிர் வீட்டு அம்மா தெலுங்குக்காரங்க. நான் அவங்களை வதினாம்பேன், நம்ம ஊர் அண்ணி மாதிரி. அவங்க இவரை அன்னய்யான்னுதான் கூப்பிடுவாங்க. வருஷா வருஷம் அவங்க ஆவக்காய் போடற நாள் எங்க வீட்டுல உலை வைக்க மாட்டேன். மாங்காய்த் துண்டு, கடுகுத் தூள், மிளகாய்த் தூள், உப்பு, நல்லெண்ணெய் எல்லாம் பெரிய பேசின்ல கலந்து ஜாடியில அடைச்சதும், பேசின்ல ஒட்டியிருக்கிற மசாலாவுலயே சூடான சோத்தைக் கொட்டிப் பிசைவாங்க. அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் வந்து கையை நீட்டணும். ஆளுக்கு ஒரு உருண்டை. முதல் கை எப்பவும் இவரோடதுதான்.

இந்த வருஷம் வதினா என்கிட்ட ரகசியமா சொல்லிட்டாங்க, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் போடப்போறேன், அன்னய்யாவுக்குத் தெரிய வேணாம்னு. கதவைச் சாத்தினா? கடுகுத் தூள் வாசனை வராந்தா முழுக்க நின்னுச்சு. இவருக்குப் போனது நாக்குதானே, மூக்கு இல்லையே. நான் துணி காயப்போட்டுட்டு மொட்டை மாடியிலேருந்து இறங்கி வர்றேன், லுங்கியோட அவங்க வாசல்ல நிக்கிறாரு. பேசக்கூட முடியாத தொண்டையில, "ஒக்க முத்த, செல்லெம்மா"ங்கிறாரு. ஒரே ஒரு உருண்டை குடும்மா தங்கச்சின்னு.

வதினா என்னைப் பார்த்தாங்க. நான் வேணாம்னு தலையை ஆட்டினேன். ஆனா அந்தக் கை நீட்டினபடியே இருந்துச்சு. எலும்பும் தோலுமா, வாட்ச் முழங்கை வரைக்கும் இறங்கற கை. அதைப் பார்த்துட்டு யாருங்க இல்லைன்னு சொல்லுவாங்க? வதினா வெறும் சோத்தை நிறைய சேர்த்து, நெய்யைக் கொட்டி, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை வச்சாங்க.

வாயில போட்டாரு. அடுத்த நிமிஷம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா கொட்டுது. "துப்புங்க, துப்புங்க"ன்னு நான் கையை ஏந்தறேன். துப்பலை. முழுங்கினாரு. முழுங்கிட்டு, அழுதுகிட்டே சிரிக்கிறாரு. "தெரியுது புள்ள"ன்னாரு.

"என்ன தெரியுது?"

"காரம்."

அய்யோ, அந்த ஒரு நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ருசி வந்துடுச்சுன்னு வதினாவைக் கட்டிக்கிட்டேன். அந்த அம்மாவும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வந்தது ருசி இல்லை, புண்ணு எரிஞ்சதுதான்னு சாயந்திரமே தெரிஞ்சு போச்சு. தண்ணிகூட உள்ள இறங்கலை. மறுநாள் ஆஸ்பத்திரியில டாக்டர் யாரையும் திட்டலை. "அந்த ஒரு உருண்டையால ஒண்ணும் இல்லைம்மா. எடை போற போக்குக்கு இந்த வாரம் எப்படியும் போட்டுத்தான் இருப்போம்"ன்னாரு. குழாய் போட்டுட்டாங்க. போடறப்போ இவரு என்னைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

குழாயில ஊத்தறதுக்குக் கஞ்சி. அரிசியையும் பருப்பையும் குழைய வேகவச்சு, மிக்ஸியில அடிச்சு, வடிகட்டி, பெரிய சிரிஞ்சால மெதுவா விடணும்னு சொல்லி அனுப்பினாங்க. முதல் நாள் வீட்டுல அந்தக் கஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். வெள்ளையா, ஒரு வாசனை இல்லாம, ஏதோ பசை மாதிரி இருக்கு. இதையா இந்த மனுஷனுக்கு ஊத்தறது? எனக்குக் கை வரலை. நெய்யைக் காய வச்சு, ஜீரகம் பொரிச்சு, பூண்டு தட்டிப் போட்டு, சொய்ங்னு தாளிச்சுக் கொட்டிட்டேன். ஊத்தினா பாதியிலயே ஜீரகம் போய்க் குழாயை அடைச்சுக்கிச்சு. பதறிப்போய், ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போற நர்ஸைப் போன் பண்ணிக் கூப்பிட்டேன். சின்னப் பொண்ணு, வெந்நீர் விட்டு விட்டு அரும்பாடுபட்டு சரிபண்ணிட்டு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. "அம்மா, இது நேரா வயித்துக்குப் போகுது. நாக்குல படறதே இல்லை. தாளிப்பு எதுக்கும்மா?"

அவ கேட்டது நியாயம்தான். எனக்கு மட்டும் தெரியாதா? மறுவேளை தாளிச்சுத் தனியா வடிகட்டி, அந்த நெய்யை மட்டும் கஞ்சியில கலந்து கொண்டு போனேன். வாசனையாவது அவருக்கு வரட்டும். பக்கத்துல உட்கார்ந்து சிரிஞ்சைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா விட்டேன். அவரு கஞ்சி இறங்கறதைப் பார்க்காம என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. பாதி இறங்கினதும், எந்தப் பாழாப்போன பழக்கமோ, என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுடுச்சு.

"உப்பு போதுமாங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன்னு உறைச்சுது. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. நிஜமாவே யோசிச்சாரு. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு சிட்டிகை கம்மின்னு காட்டினாரு.

எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலை. எழுந்து போய் உப்பு எடுத்துட்டு வந்தேன்.