யாரும் தொறக்கலீங்க

நேற்றுக் காலை பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறப்போன என்னிடம் கண்டக்டர், "உங்க எலும்பு டாக்டர் தவறிட்டாருங்களாம்" என்றார். வேலைக்குப் போகாமல் வீடு திரும்பி, ஈரோட்டிலிருந்து வந்து தங்கியிருந்த மாமாவையும் கூட்டிக்கொண்டு கோவைக்குக் கிளம்பினேன். டாக்டர் திருவேங்கடம் அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணமாக இருந்தவர்களில் நானும் ஒருவன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் கடைசியில், பட்டறையில் இரும்புச் சட்டம் விழுந்து என் கால் எலும்பு முறிந்தது. டாக்டர் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார். மேலே கட்டுப் போட்டு, அதைத் திறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. மஞ்சள் மண்டியில் வேலை பார்த்த மாமா வந்து, "இத்தனை தூரம் வந்துபோட்டுப் புண்ணைப் பாக்காமப் போறதுங்களா மாப்ளே?" என்றார். பெரியவர் கேட்டால் எப்படி மறுப்பது? அவிழ்த்துக் காட்டினேன். வாரம் தவறாமல் வந்தார். வாரம் தவறாமல் காட்டித் தொலைத்தேன்.

சீழ் பிடித்தது.

"யாருங்க தொறந்தது?" என்றார் டாக்டர்.

"யாரும் தொறக்கலீங்க."

அவர் புண்ணைத் துடைத்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் தூள். மாமா தம் பங்குக்கு ஒரு சிட்டிகை தூவியிருந்தார்.

"உங்களுக்குக் கால் வேணுங்களா, மாமன் வேணுங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிப்போடுங்க."

எவ்வளவு கோபத்திலும் அவருக்கு மரியாதை விட்டுப்போகாது. மடையன் நான், கொஞ்சம் யோசித்தேன்.

காலையே எடுத்துவிடலாம் என்றார் இன்னொரு டாக்டர். இவர் கேட்கவில்லை. மறுபடி கீறி, செத்த சதையை வெட்டிக் கழுவினார், தகட்டை விட்டுவைத்தார். "எலும்பு கூடற வரைக்கும் தகடு இருக்கோணும். அது இருக்கற வரைக்கும் சீழும் உடாது. பொறுத்துக்கோணுங்க." பென்சிலின் ஊசி ஒருபக்கம். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு, எட்டிப்பார்க்க ஒரு சந்துகூடக் கிடையாது. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாறிப் போனார். மாமா மட்டும் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஓட்டையாச்சும் உடச் சொல்லலாமில்லீங்களா" என்றார். அவரை என்ன செய்வது.

பல மாதம் கழித்து எலும்பு கூடியது. தகட்டை எடுத்தார், புண் ஆறியது. அந்தக் காலால்தான் நேற்று அவர் வீட்டுப் படி ஏறினேன். அழுகை வந்தது, அழுதேன்.

முகத்தையும் சேர்த்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். "மூஞ்சியக் கொஞ்சம் பாத்துக்கலாங்களா" என்று மாமா துணியின் ஓரத்தைப் பிடித்தார். அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் தடுத்தது அதுதான் முதல் தடவை.

போய் வாருங்கள், டாக்டர். யாரும் தொறக்கலீங்க. இந்தத் தடவை நிஜமாகவே.