கதவு எண்களோடு ஒரு வரைபடம்

மயிலாப்பூரில் இருபத்து மூன்று வீட்டுத் தாய்மார்கள் என்னை நம்பிச் சொன்ன பதில்களை ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் காசும் வாங்கவில்லை. கேட்டார், கொடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். என் ஆய்வுக் கட்டுரை தேவை நெகிழ்ச்சியைப் பற்றியது. விலை ஏறினால் மக்கள் வாங்குவதை எவ்வளவு குறைத்துக்கொள்வார்கள் என்பதுதான் விஷயம். பாடப்புத்தகங்களில் உப்பையும் தீப்பெட்டியையும் உதாரணம் காட்டுவார்கள். எனக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான பால் பவுடருக்குத் தட்டுப்பாடு வந்திருந்த சமயம், அதை எடுத்துக்கொண்டேன்.

கைக்குழந்தை உள்ள வீடுகளாகத் தேடிப் போனேன். டப்பா அப்போதைய நிர்ணய விலையான எட்டு ரூபாய் என்றால் மாதம் எத்தனை வாங்குவீர்கள், பத்து என்றால், பன்னிரண்டு என்றால், பதினைந்து என்றால் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். சரிபார்க்க மறுபடி போக வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு தாளிலும் தெருவையும் கதவு எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு குமாஸ்தாவின் மனைவி இருந்தாள். டைபாய்டில் படுத்து எழுந்ததில் தாய்ப்பால் நின்றுபோயிருந்தது. குழந்தைக்கு நாலு மாதம். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, எந்த விலைக்கும் நாலு டப்பா என்றாள். பதினைந்துக்குமா என்றேன்.

"கொழந்தை பாலுக்கு வெலை பாப்பாளா? வளையலை வித்தாவது வாங்கித்தானே ஆகணும்" என்று சிரித்தாள்.

அறைக்கு வந்து விலையையும் வாங்கும் அளவையும் வைத்து வரைந்தபோது அவளுடைய கோடு துளியும் சாயாமல் நட்டமாக நின்றது. பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த கோடு. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

வேறு வேலையாக மாடிக்கு வந்த கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்தார்.

"தம்பி, இது ஏன் நட்டுக்க நிக்குது?"

விளக்கினேன். வகுப்பில்கூட யாரும் நான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"அப்ப இவங்க எந்த வெலைக்கும் வாங்குவாங்கங்கறீங்க" என்றார். பிறகு, "ஒரு நாள் குடுங்க, பாத்துட்டுத் தரேன்."

கட்டு முழுவதையும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் புறப்பட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெண் பால் பவுடர் கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றார். அவள் கெஞ்சியதும் எந்தத் தெரு, கதவு எண் என்ன என்று விசாரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்து, "பன்னண்டு" என்றார். அடுத்து வந்தவளிடம் பத்து. அதற்கடுத்து குமாஸ்தாவின் மனைவி.

"பதினஞ்சும்மா. உங்களுக்காக வெச்சிருந்தேன்."

ஒவ்வொருத்தியும் என்னிடம் சொன்ன உச்ச விலை அது. நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர்கள் தலைதூக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அன்றே கட்டைத் திருப்பிக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். "தெனம் பாக்கற மூஞ்சிங்க தம்பி, இனி எனக்கு எதுக்கு இது? வெளியில சொல்லாதீங்க. கேட்டா உங்க கையெழுத்துதான் இருக்கு."

சொல்லவில்லை. கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். தினமும் காலையில் குமாஸ்தா வீட்டுத் தெரு வழியாகப் போனேன். குழந்தையின் அழுகுரல் கேட்டால் கொஞ்சம் மூச்சு வரும். இரண்டாம் மாதம் குமாஸ்தாவின் மனைவியைக் குழாயடியில் பார்த்தேன். கைகளில் வளையல் இல்லை. டப்பா கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு வாங்கறேன். தண்ணி கூடச் சேத்து நாலா நீட்டிக்கறேன்."

என் கோடு எங்கே வளைந்தது என்று அப்போது புரிந்தது. நுகர்வோர் தன் பணத்தைப் பிரித்துப் பிரித்துப் பயனை உச்சத்துக்குக் கொண்டுபோவார் என்று படித்திருந்தேன். அவள் அதைத்தான் செய்தாள், குழந்தையின் வயிற்றுக்குள்.

பிறகு ஒரு காலையில் சத்தமே இல்லை. பின்கட்டு பூட்டியிருந்தது. வயிற்றுப்போக்கு, நேற்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் பாதி தூரம் ஓடினேன். போய்ச் சேரும்போது குழந்தை இருக்குமா என்று தெரியாது. இல்லையென்றால் திரும்பி வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றும் ஓடும்போதே ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை கண் திறந்துவிட்டது, ஆனால் இன்னும் இரண்டு நாள் போக வேண்டும் என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எங்காத்துக் காப்பியைக் குடிச்சுண்டே எழுதினேளே" என்றாள்.

குழந்தை பிழைத்தது. என் பெயரையும் முகவரியையும் போட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதினேன். சோதனைக்கு வந்தவர்கள் கடையில் ஒரு டப்பாவும் கிடைக்கவில்லை என்று போய்விட்டார்கள். எனக்கு அறை போயிற்று. கட்டுரையிலிருந்து பால் பவுடர் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பேராசிரியர் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர என்னை அனுப்பவில்லை.

தி. நகர், அடையாறு என்று கடை கடையாக அலைந்து, எட்டு ரூபாய்க்குக் கொடுப்பவர்களைக் கண்டுபிடித்து, மாதம் நாலு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் முறை அவள் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பி வழியாக டப்பாக்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, முப்பத்திரண்டு ரூபாயை என் கையில் வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"கொழந்தைக்கு வேணும், வாங்கிக்கறேன். ஓசியா வாங்கிண்டா ஒங்களை மன்னிச்சதா ஆயிடும்."

எட்டு மாதம் அப்படியே நடந்தது. கடைசித் தடவை குழந்தை தானே நடந்து கம்பியருகே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. விரலைக் கொடுக்கப் பயமாக இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவள் சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், இனி வர வேண்டாம் என்று சொல்லி உள்ளே போனாள்.