கல்லாற்றில் நின்றுபோன வண்டியும் முப்பத்தாறு தேன்பெட்டிகளும்

இன்று காலை பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் நான் ராகேல் அக்காவைச் சந்தித்தேன். பாறசாலைக்காரர், பிக்கப் ஓட்டுபவர், முப்பத்தொன்பது வயது. சந்தித்தேன் என்பதுகூடச் சரியில்லை. ரொம்ப நேரம் நான் பார்த்தது வண்டிக்கு அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு கால்களை மட்டும்தான். வீட்டுக்கு வந்து குளிக்காமல்கூட உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். மனசு ஆறிவிட்டால் இப்படி எழுத வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஆறு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேன் வழியில் நின்றால் உள்ளே இருபது பிள்ளைகள் அழும். மெக்கானிக் வரும்வரை காத்திருக்க முடியாது என்று தானே ஸ்பேனர் பிடிக்கப் பழகினார். பள்ளி சொந்தமாகப் பேருந்து வாங்கியதும் ஒரு பழைய டீசல் பிக்கப் எடுத்தார். கணவர் சுஜின் மஸ்கட்டில் வெல்டர். ரப்பர் தளிர்த்துத் தேன் சுரக்கும் இந்த மாசி மாதத்தில் அந்த வண்டிக்கு ஒரே வேலை, கணவரின் தம்பி, அண்ணியை 'மைனி' என்று கூப்பிடும் ஜெயனுடைய தேன்பெட்டிகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோய் இறக்குவது.

ஜெயனிடம் முன்பு நூறு பெட்டிக்கு மேல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த நோயில் நான்கு மிஞ்சியது. அந்த நான்கின் தேனீக்கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து முப்பத்தாறு ஆக்கியிருக்கிறார். இன்று வண்டியில் இருந்தது அந்த முப்பத்தாறும்தான். வீட்டில் ஒன்றுகூட விட்டுவரவில்லை.

விடியும் முன்பே பெட்டிகளின் வாசலை வலையால் அடைத்து ஏற்றியிருக்கிறார்கள். ஏழு மணிக்குள் தோட்டம் சேர்ந்திருக்க வேண்டியது. நெடுமங்காட்டில் சாலைப் பணி, வண்டிகள் வரிசை, ஒரு மணி நேரம் போய்விட்டது. மூடிய பெட்டி ஓடும் வண்டியில் இருக்கும்வரை காற்று பட்டுத் தாங்கும். நின்ற வண்டியில் வெயில் விழுந்தால் உள்ளே மெழுகு இளகி, அடை சரிந்து, தேனீக்கள் தங்கள் தேனிலேயே மூழ்கிச் செத்துப்போகும். இதையெல்லாம் இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். வண்டியின் ஸ்டார்டர் மோட்டார், எல்லோரும் செல்ஃப் என்று சொல்வது, ஒரு மாதமாகவே படுத்திருந்தது. நம் மாவட்டத்தில் அதோடு காலம் தள்ளலாம். நூறு அடி சமதளம் கிடைப்பதே அபூர்வம். இறக்கம் பார்த்து நிறுத்தி, உருட்டி, இரண்டாம் கியரில் விட்டால் வண்டி உயிர் பிடிக்கும். அக்காவும் அப்படித்தான் ஓட்டினார். புதுப்பித்த மோட்டார் ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். முப்பத்தாறு பெட்டியும் தோட்டம் சேரட்டும், பிறகு மாட்டலாம் என்று. பெட்டி ஏற்றியிருக்கும்போது இவர்கள் எஞ்சினை நிறுத்துவதே இல்லை. அந்த அதிர்விலேயே தேனீக்கள் அடங்கி இருக்குமாம்.

எட்டு மணிக்கு ஷிஜாவின் சாயாக்கடை எதிரே, எஞ்சினை ஓடவிட்டபடியே, ஆற்றில் முகம் கழுவ அக்கா இறங்கினார். ஜெயன் பின்னால் போய்ப் பெட்டிகளில் காது வைத்தார். தேனீ வளர்ப்பவர்களுக்குக் காதுதான் கண். ஒரு பெட்டியின் முழக்கம் வேறு மாதிரி தோன்றியிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஜன்னல் வழியே கையை விட்டு சாவியைத் திருப்பிவிட்டார். நிசப்தம். மறுபடி காது வைத்தார். பெட்டிக்கு ஒன்றுமில்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன்.

அக்கா ஈர முகத்தோடு ஓடி வந்தார்.

"எஞ்சின் சத்தம் எங்கடே?"

"ஒரு பெட்டி வேற மாதிரி முழங்கிச்சு மைனி. காது கேக்கல்ல. அதாக்கும் ஒரு நிமிசம்..."

"ஓஃப் பண்ணினியா? நிக்கது சமநெலமாக்கும்! ஒனக்குப் பெட்டியில காது மட்டும்தான் உண்டா, மூஞ்சியில கண்ணு இல்லியா?"

சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி டிக். அவ்வளவுதான்.

ஷிஜா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சேச்சி, நாலு பேரைக் கூப்பிடட்டா? தள்ளினா போராதா?"

"தள்ளண்டாம்!" ஜெயன் கத்தியே விட்டார். "கியரு விடும்ப வண்டி குலுங்கும். அடை ஒடிஞ்சு விழும், ராணி நசுங்கிப் போவும். காலி வண்டின்னா தள்ளலாம்."

"பின்னே வாசலைத் திறந்து விடு. பாவம் மூச்சு விடட்டும்," என்றார் ஷிஜா.

அதுவும் முடியாது. இங்கே திறந்தால் தேனீக்கள் இந்த இடத்தையே வீடு என்று பழகிவிடும். சாயங்காலம் எல்லாம் திரும்பி அடையும்வரை வண்டியை நகர்த்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேறு. பொன்முடிக்குப் போகும் கார்கள் பிள்ளைகளோடு வந்து நிற்கத் தொடங்கியிருந்தன.

அக்கா மலையைப் பார்த்தார். வண்டி இன்னும் மலை நிழலில்தான் நின்றது. வெயில் சாலையின் அந்தப் பக்கம், பதினைந்து அடி தள்ளி இருந்தது.

"முக்கால் மணிக்கூர் உண்டு. நீ ஆத்துல இருந்து வெள்ளம் கோரி சாக்கை நனைச்சுப் போடு. என்ட்ட மிண்டாத, ஒரு பேச்சும் வேண்டாம்."

சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றினார். சாக்கை விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்துபோனார். இரண்டு வயர்கள் உடனே வந்துவிட்டன. மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். கீழ் போல்ட் சுழன்றது. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் ஸ்பேனரை மாட்ட வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. சூடான எஞ்சினில் முழங்கை பட்டு "அம்மோ" என்றார். பிறகு சுத்தியலை எடுத்து ஸ்பேனரில் ஓங்கி ஒரு அடி.

மேலே முப்பத்தாறு பெட்டியும் ஒரே குரலில் இரைந்தது.

"மைனி, அடிக்காதீங்க! கலங்குனா சூடு கூடும்!"

"அடிக்காம ஒன் கல்யாணத்துக்குப் பாட்டா பாடணும்?"

ஆனால் அடிக்கவில்லை. ஜாக்கியின் இரும்புக் குழாயை வாங்கி ஸ்பேனர் முனையில் செருகி, இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினார். கால் விரல்கள் தரையில் ஊன்றி வெளுத்தன. அழுத்திக்கொண்டே இருந்தார். 'கிர்ரக்' என்று ஒரு சத்தம்.

"வந்துட்டு."

பழைய மோட்டாரை நெஞ்சில் தாங்கி இறக்கினார். புதியது ஏறியது. வெயில் முன்சக்கரத்தைத் தொட்டுவிட்டது. வயர்களை மாட்டி, பேட்டரியைப் பூட்டி, எழுந்து வந்து சாவியைத் திருப்பினார்.

டிக்.

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஜெயன் வாளியோடு அப்படியே நின்றார். பெட்டிகளின் சத்தம் மாறியிருந்தது. முழக்கம் போய், ஒரு கூர்மையான கூச்சல். முன்பக்க அடிப்பெட்டியின் மூலையிலிருந்து நூல்போலத் தேன் வடிந்து பலகையில் இறங்கியது. நான் பார்த்தேன், ஜெயனும் பார்த்தார். ஈரச் சாக்கை எடுத்து அதை மூடினார். மைனியிடம் சொல்லவில்லை.

அக்கா மறுபடி கீழே போனார். மோட்டாரில் நகம் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வசவு வந்தது, அதை எழுத முடியாது.

"பெயின்டு! பழசைப் புதுசா காட்ட வெள்ளிப் பெயின்டு அடிச்சு வச்சிருக்கான் பாவி! உக்காருற எடத்துலயும் அடிச்சிருக்கான். எர்த்து எப்படிக் கெடைக்கும்?"

விஷயம் இதுதான். மோட்டாரின் இரும்பு எஞ்சினின் இரும்போடு நேராகத் தொட்டால்தான் கரண்ட் சுற்று முடியும். நடுவே பெயின்ட் இருந்தால் மோட்டார் வெறும் கட்டி. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரை நேராக இழுத்தாலும் ஓடியிருக்கும். கடையில் கேட்டோம், நின்ற கார்களில் கேட்டோம், இல்லை. மறுபடி கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

"ஜெயா, அடை சொரண்டுற உளியைத் தா!"

மெழுகு சுரண்டும் அந்தத் தட்டை உளியால் படுத்தபடியே சுரண்டினார். வெள்ளித் துகள்கள் அவர் கண்ணிலும் வாயிலும் விழுந்தன. துப்பிக்கொண்டே சுரண்டினார். வெயில் மேலேறி முதல் வரிசைப் பெட்டிகளில் விழுந்தது. ஷிஜா கடையை அப்படியே போட்டுவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். சுற்றுலா வந்த ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க, "அதை வச்சிட்டு ஒரு வாளி எடுக்கப் பிடாதா சேட்டா?" என்று ஷிஜா கேட்டார். அவர் வெட்கப்பட்டுப் போய் எடுத்தார். நானும் எடுத்தேன்.

மோட்டாரை மறுபடி மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பியபோது மணி ஒன்பது ஐந்து.

கிர்ர்ர்... வண்டி பிடித்துக்கொண்டது.

யாரும் கைதட்டவில்லை. அக்கா முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. "ஏறுடே!" என்றார். பக்கத்தில் ஏறும் மண்பாதையில் மூன்று கிலோமீட்டர். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மேட்டில் ஆமைபோல, ஒரு பள்ளத்திலும் சக்கரம் இறங்காமல் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

தோட்டத்தில் நிழலில் இறக்கி, ஜெயன் ஒவ்வொரு வாசலாகத் திறந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் தேனீக்கள் தள்ளாடி வந்து, வாசலில் நின்று சிறகை உதறி, பறந்தன. ஒன்று, இரண்டு, பத்து, இருபது... அடிவரிசையில் ஒரு பெட்டியில் எதுவும் வரவில்லை. பக்கத்துப் பெட்டியிலும் வரவில்லை. இன்னொன்றிலும்.

மூன்று பெட்டி போய்விட்டது. ஜெயன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தேனும் மெழுகுமாகக் கிடந்ததன்மேல் கையை வைத்தபடி குந்தியிருந்தார்.

"நானாக்கும் கொன்னேன் மைனி. சாவியைத் தொட்டிருக்கப் பிடாது."

அக்கா கரிக்கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஒரு நிமிசம் தொட்ட. நான் ஒரு மாசம் தொடாம இருந்தேன். யாரு கூடுதல்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா இது எழும்பி வருமா? எந்திரி. முப்பத்திமூணு உண்டு, வெள்ளம் வை."

அவர் எழுந்தார். சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றி, தேனீக்கள் மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க மிதக்கும் தக்கைகளைப் போட்டு, வரிசையாக வைத்தார். நான் வண்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த மாதம் முழுக்க அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். கல்லாறு போகிறவர்கள் ஷிஜாவின் கடையில் கேட்டால் வழி சொல்வார். போய்ப் பாருங்கள். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பெட்டி வாசலுக்கு நேரே நிற்காதீர்கள். போக முடியாதவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். யாராவது ஒருவரிடம் ஜெயனுக்குக் கொடுக்க ஒரு தேனீக்கூட்டம் இருக்கும்.