ரோட்டில் நின்ற கப்பல்

தூத்துக்குடி மாவட்டத்துக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். யாராவது ஒருவர் ஒரு வினாத்தாளோ, சூத்திரத்தைப் பாட்டாகப் பாடும் வீடியோவோ, அட்டையில் வெட்டிய கூம்போ அதில் போடுவார். மற்றவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்கள். எடுத்த கையோடு, தாளின் தலையில் தயாரித்தவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு வெள்ளைத்தாளை ஒட்டி, அதன்மேல் தன் பெயரையும் பட்டங்களையும் எழுதி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். இதைத் திருட்டென்று யாரும் நினைப்பதில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் வெள்ளையடிப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

அந்தக் குழுவில் ஒன்பது வருஷமாக எடுத்துக்கொண்டே இருந்தவர் ஜெபகனி டீச்சர். பிறந்தது நாசரேத். தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். வகுப்பில் நன்றாகவே நடத்துவார். ஆனால் குழுவில் எதையாவது போடலாம் என்று போனை எடுத்தால், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு வந்து கை நின்றுவிடும்.

குழுவின் அட்மின் திருச்செந்தூர்க்காரர், செந்தூர்வேல் சார். துறைமுக மாவட்டத்துக்குப் பொருத்தமாக ஒரு தண்டனை கண்டுபிடித்து வைத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, கொடுக்காமல் எடுக்கிறவர்களின் ‘இறக்குமதிப் பட்டியல்’ வெளியாகும். ஒன்பது வருஷமும் அதில் முதல் பெயர் ஜெபகனி. ஆராதனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் அவர் அதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து வைக்கிற குழம்பில் உப்பு கூடிப்போகும். கணவர் ஞானையா தயிரைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை தன் பெயர் போட்ட ஒரு நல்ல காரியம் அந்தக் குழுவுக்குள் போய்விட வேண்டும். டீச்சருக்கு அப்போது அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

போன நவம்பரில் முக்கோணவியல் நடத்தும்போது வேளை வந்தது. ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் மணலை நிரப்பி, அதில் பிளாஸ்டிக் பைப்பை நட்டார். அது கலங்கரை விளக்கம். அதன் உச்சியிலிருந்து இரண்டு நூல்கள், நூல் முனைகளில் இரண்டு காகிதக் கப்பல்கள். கணக்கையும் அவரே எழுதினார். கடற்கரையில் நிற்கும் விளக்கத்தின் உயரம் முப்பது மீட்டர். கடலில், விளக்கத்துக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கப்பல்கள். உச்சியிலிருந்து அவற்றின் இறக்கக்கோணங்கள் 30°, 60°. கப்பல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

இதில் ஒரு சின்னச் சங்கடம் நேர்ந்தது. இரண்டு நூலும் ஒரே பக்கம் இழுத்ததில் தூக்குவாளி சாய்ந்து, சாப்பாட்டு மேசையெல்லாம் மணல். டீச்சர் ஒரு கப்பலை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமுமாக வைத்தார். விளக்கம் நிமிர்ந்து நின்றது. அந்தச் சந்தோஷத்திலேயே படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்தே விடையும் போட்டுவிட்டார். கழிக்க வேண்டிய இரண்டு தூரங்களையும் கூட்டி, 69.28 மீட்டர்.

குழுவில் இருநூறு கும்பிடு விழுந்தது. செந்தூர்வேல் சார், “ஏற்றுமதி தொடங்கியது” என்று எழுதினார். டீச்சர் அதைப் பதினாறு தடவை வாசித்தார். அடுத்த வாரத்துக்குள் தாள் தென்காசிக்கும் நாகர்கோவிலுக்கும் போய்விட்டது. ஜனவரியில் அது திரும்பி வந்தபோது, ‘தயாரிப்பு: வேல்ராஜ், எம்.எஸ்சி., எம்.பில்., பி.எட்., கயத்தாறு’ என்று தலையில் இருந்தது. அதற்கும் இருநூறு கும்பிடு. டீச்சருடைய பழைய பதிவு ஆயிரம் பதிவுகளுக்கு அடியில் போய், அது யார் போட்டது என்று குழுவுக்கே மறந்துவிட்டது. அடுத்த பட்டியலில் அவர் பெயர் வழக்கமான இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் அந்தக் கணக்கையே மாவட்டம் முழுக்க ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டார்கள். விடைக்குறிப்பிலும் 69.28.

டீச்சர் வீட்டில் உட்கார்ந்து திருத்தினார். அனுசியா என்ற பிள்ளையின் தாள். மற்றதெல்லாம் முழு மதிப்பெண். இந்தக் கணக்குக்கு மட்டும் 34.64 என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். தப்பு எந்த வரியில் என்று வட்டம் போடுவது அவர் வழக்கம். வட்டம் போட இடம் தேடினார். முதல் வரியிலிருந்து மூன்று தடவை தேடியும் வட்டத்துக்கு இடம் அகப்படவில்லை.

ஞானையா துறைமுகத்தில் கப்பல்களை வடம் போட்டுக் கட்டுகிற வேலையில் இருக்கிறவர். டீச்சர் விடைக்குறிப்புப் படத்தை அவரிடம் நீட்டினார்.

“இங்கருங்க, இதுல ஏதாவது தெரியுதா?”

“ஏளா, இந்தப் பக்கம் கடலு. அப்போ அந்தப் பக்கம் நிக்கிற கப்பல் ரோட்டுக்குல்லா வந்திருக்கு.”

“கணக்குல அப்படி வரலாம்லா?”

“கணக்குல வரலாம். எங்ககிட்ட வராது. அங்கன வடம் கட்ட ஒண்ணும் கிடையாது.”

கப்பலை அந்தப் பக்கம் வைத்தது தான்தானே என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறக்காமல் இருந்தால் போதும். தப்பு வேல்ராஜ் சாருடையது, வெள்ளைத் துண்டு ஒட்டியவர் அவர்தானே. வாய் திறந்தால், ஒன்பது வருஷத்தில் தான் கொடுத்த ஒரே சரக்கும் ஓட்டைச் சரக்கு என்று ஊருக்குத் தெரியும். ஆனால் சரியாகப் போட்ட பிள்ளைகள் மாவட்டம் முழுக்க எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் பெருக்கல் குறி விழுந்துகொண்டிருக்கும். டீச்சர் சனிக்கிழமை நடந்த விடைக்குறிப்புக் கூட்டத்துக்குப் போனார்.

“சார், அந்த லைட் ஹவுஸ் கணக்குல விடை தப்பு. ஒரு கப்பல் தரையில நிக்குது.”

செந்தூர்வேல் சார் கண்ணாடியைத் துடைத்தார். “முந்நூறு பேரு பாத்த கணக்கு டீச்சர்.”

“பழுதுபாக்கத் தோணியைக் கரையில ஏத்துவாங்கல்லா? அப்படி நிக்கலாம்,” என்றார் ஆத்தூரிலிருந்து வந்த ஒருவர். கப்பல் என்றுதானே இருக்கிறது, தோணி கப்பலாகுமா என்று இன்னொருவர் கேட்டார். அதிலேயே இருபது நிமிஷம் போயிற்று. கடல் உள்ளே வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி கிளம்பியது. கடைசியில் விளக்கத்தையே ஒரு தீவுக்கு மாற்றிவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தானே என்று ஒரு யோசனை வந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள். தீவுக்கு முப்பத்தொரு கை.

வேல்ராஜ் சார் எழுந்தார். “மாத்துததுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேக்கணும். அது என் சொந்த முயற்சி.”

“ஒரே பக்கம்னு கணக்குலயே போட்டிருக்கு சார். தீவுக்குப் போனாலும் தப்பு தப்புதான்,” என்றார் ஜெபகனி டீச்சர்.

எல்லோரும் கணக்கை அப்போதுதான் முதல்முறையாக வாசித்தார்கள். செந்தூர்வேல் சார் பெருமூச்சு விட்டு, “அப்போ தயாரிச்சவங்க பேரை எழுதி மேல அனுப்பணுமே,” என்றார்.

வேல்ராஜ் சார் உட்கார்ந்தார். “நான் அதைத் தென்காசியில இருந்துல்லா எடுத்தேன்.”

தென்காசிக்குப் போன் போட்டார்கள். நாகர்கோவிலைக் கேளுங்கள் என்றது தென்காசி. எங்கள் பக்கம் கப்பலே கிடையாது, அது தூத்துக்குடிச் சரக்கு என்றது நாகர்கோவில். காலையில் அத்தனை பேருக்குச் சொந்தமாக இருந்த தாள் மத்தியானத்துக்குள் அனாதையாகிவிட்டது.

“அது என்னுதுதான் சார்,” என்றார் டீச்சர்.

செந்தூர்வேல் சார் இரக்கத்தோடு பார்த்தார். “டீச்சர், நீங்க இறக்குமதிப் பட்டியல்ல இருக்கீங்க. அடுத்தவங்க தப்பை நீங்க எதுக்கு ஏத்துக்கிடுதீங்க?”

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லது செய்ததாக நம்பவைக்க முடியாமல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், தப்புச் செய்ததையும் நம்பமாட்டேன் என்கிறார்களே. அவர் வேல்ராஜ் சாருடைய தாளை எடுத்துப் படத்தின் அடியில் விரலை வைத்தார். “அந்தத் தூக்குவாளியைப் பாருங்க.”

செந்தூர்வேல் சார் போனில் படத்தைப் பெரிதாக்கினார். சபை விருந்துகளில் பாத்திரம் மாறிவிடாமல் இருக்க நம் வீடுகளில் பெயர் வெட்டி வைப்போம் அல்லவா. தூக்குவாளியின் வயிற்றில், புள்ளி புள்ளியாக, ‘ஞா. ஜெபகனி’. மூன்று மாவட்டம் வெள்ளைத் துண்டு ஒட்டியும் அந்த இடத்தை யாரும் மூடவில்லை.

செந்தூர்வேல் சார் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். வழக்கம்போல முடிவு எழுதினார்கள்: அந்தக் கணக்கை எழுத முயன்றிருந்தாலே ஐந்து மதிப்பெண்.

திங்கட்கிழமை தாளை வாங்கிய அனுசியா இடத்துக்குப் போகாமல் நின்றாள். “டீச்சர், இந்த அஞ்சு சரியா எழுதுனதுக்கா, முயற்சி பண்ணுனதுக்கா?”

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கினார். பெருக்கல் குறியை அடித்து, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார். “சரியா எழுதுனதுக்கு. தப்பு எழுதுனது நான்.” வகுப்பே எட்டிப் பார்த்தது. அதைச் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதில் அவருக்கே ஆச்சரியம்.

அன்று மாலையே திருத்திய தாளைக் குழுவில் போட்டார். அடியில் ஒரு வரி: ‘முன்பு வந்த தாளிலுள்ள பிழை என்னுடையது. ஞா. ஜெபகனி, தூத்துக்குடி.’

தாள் கிளம்பியது. போகிற ஊரிலெல்லாம் தலையில் வெள்ளைத் துண்டு ஏறியது, புதுப்புதுப் பெயர்கள் வந்தன. அடி வரியை மட்டும் யாரும் மூடவில்லை. அந்தப் பிழை தன்னுடையது என்று நினைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சிலர் அதைத் தடித்த எழுத்தாக்கினார்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கோயில் வாசலில் நின்று டீச்சர் போனைத் திறந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்குக் கீழே, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. தலையில் முன்பின் தெரியாத ஒரு பெயர். அடியில், தடித்த எழுத்தில், ஞா. ஜெபகனி, தூத்துக்குடி. வெயிலில் நின்று அதை வாசித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. ஞானையா ஊறுகாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.