நீளக் கட்டை

யாங்கோனில் மின்சாரம் எப்போது வரும் என்று கேட்பதும் கிளி ஜோசியம் கேட்பதும் ஒன்றுதான். வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. போன வாரம் மறுபடியும் விறகுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆள் நீளத்துக்கு இரண்டு கட்டைகளை எடுத்துப் போட்டு, வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள், மலிவு என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னால் மட்டும் அவருக்கு என்ன விளங்கப் போகிறது! சின்னத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெரும்புயல் அடித்தபோது எனக்கு எட்டு வயது. யாங்கோனை ஒட்டிய தாகேதாவில் தூண்களின் மேல் நிற்கும் மரவீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை, அத்தையின் புருஷன் மாமா, இவ்வளவுதான் குடும்பம். அத்தைக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அந்த வீட்டில் எனக்கு அதிகாரம் கொஞ்சம் கூடுதல். மாமா போட்டாதாங் துறையில், கடலோரத்து ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்தார். புயலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கிளம்பிப் போனார். வரும்போது எனக்கு டூரியன் பழம் வாங்கி வருவதாகச் சொன்னார். பொய் பேசத் தெரியாத மனுஷர். அந்த ஒரு தடவைதான் தவறிவிட்டது.

புயல் ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் தெருவையே காணோம். எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது. எங்கள் பின்கட்டுக் கொட்டகையும் விழுந்துவிட்டது. மின்சாரம் இல்லை, கரி கிடைக்கவில்லை. ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் விறகுவெட்டிகள் ஆனார்கள். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரரை நாங்கள் ‘கோஜீ’ என்போம், பெரியண்ணன் என்று அர்த்தம். அவரிடம் இரண்டு பேர் பிடித்து இழுக்கிற ரம்பம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அப்பா. முழங்கை நீளத்துக்கு அறுத்து, நிமிர்த்தி வைத்து, கோடாலியால் பிளப்பார்கள். கணு இருந்தால் ஆப்பு இறக்குவார்கள். காற்றுப் புக இடம்விட்டு, குறுக்கும் நெடுக்குமாக வீட்டுக்கடியில் அடுக்குவது என் வேலை.

பர்மிய மொழியில் விறகுக்குப் பெயர் ‘தின்’. கோஜீ துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு “தின்! தின்!” என்று கத்துவார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

“தின்னு தின்னுங்கிறான், சோத்தைத்தான் காணோம்” என்பாள் அத்தை. அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

பச்சை மரம் எரியுமா? புகைந்தது. அம்மா ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, “இது வெறகா, என் உசிரை வாங்க வந்த சனியனா?” என்று திட்டுவாள். அரிசி பாதி வேகும், மீதி பல்லில் கடிபடும். விழுந்த கொட்டகையின் தூண்கள் இருந்தன. வருஷக்கணக்காகக் காய்ந்த மரம். அப்பா அவற்றை அறுக்கவே இல்லை. நுனியை மட்டும் ஒரே அளவாகத் தறித்து, செங்கல் மேல் வரிசையாகக் கிடத்தி, தகரம் போட்டு மூடினார்.

“அந்தக் காஞ்ச கட்டையில ரெண்டு குடுத்தா என்ன கொறைஞ்சு போவும்? புள்ள இருமுது பாருங்க” என்றாள் அம்மா.

“அதைத் தொடாத.”

“ஏம்ப்பா?” என்று கேட்டேன் நான்.

அப்பா என்னைப் பார்க்காமல், “மாமா வந்தா வேணும்” என்றார்.

அம்மா மறுபடி ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். நான் துள்ளிக் குதித்தேன். கோயில் அன்னதானத்தில் கோட்டை அடுப்பு பார்த்திருக்கிறேன் அல்லவா! தரையில் நீளமாகப் பள்ளம் தோண்டி, அண்டாக்களை வரிசையாக ஏற்றி, இந்த மாதிரி நீளக் கட்டைகளைத்தானே உள்ளே தள்ளுவார்கள். அப்படியென்றால் மாமா வந்ததும் விருந்து! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். கோஜீயிடமும் சொன்னேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அத்தையிடம் போய், “மாமா வந்தா என்னத்தே ஆக்குவ?” என்று கேட்டேன். அவள் பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே கிடந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு என்னடி வேணும்?”

கோழிக்கறி, வடை, முட்டை வறுவல், பாயசம் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றாள்.

அப்பா தினமும் துறைக்குப் போனார். மாமாவைக் கூட்டிவரப் போகிறார் என்பது என் நினைப்பு. திரும்பி வந்தால் வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுவார். சேற்றில் நடந்து வருகிறார், அதனால் குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள். புயலுக்கு மறுநாள் ஒரு பிடி அரிசி கொண்டுவராத புண்ணியவான்கள், தாலி கழற்ற மட்டும் நாள் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பூசாரியும் கூட வந்தார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஆள் மாதிரி கட்டி எரிக்கலாம், ஆத்மாவுக்கு ஒரு வழி வேண்டாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. கட்டைக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். எல்லாம் தயார் என்றார் அப்பா. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் மண்டையில் ஏறியது இரண்டே சொல்: ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘தயார்’. மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார்!

ஞாயிறு காலை அப்பா தர்ப்பை வாங்கக் கோயிலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை, பர்மாப் பெண்களைப் போல் கட்டியிருந்த லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோடாலியோடு கீழே இறங்கினாள். தகரத்தை இழுத்து எறிந்தாள். கோடாலி பிடித்துப் பழக்கமில்லாதவள். முதல் இரண்டு வெட்டும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது இறங்கியது.

அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். “அண்ணி! ஐயோ, அண்ணி! அது அடுப்புக்கு ஆகாது அண்ணி!”

“ஏன் ஆகாது? நல்லாத்தானே காஞ்சிருக்கு.”

அத்தனை கட்டையையும் முழங்கை நீளத்துக்கு வெட்டிப் பிளந்தாள். கை கொப்புளித்து உடைந்தது, நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பு புகையே இல்லாமல் திகுதிகுவென்று எரிந்தது. கோழி வெந்தது, வடை வெந்தது, நான் சொன்னதில் ஒன்று விடாமல் வெந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாசனை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

தர்ப்பைக் கட்டோடு திரும்பிய அப்பா, வெறும் செங்கல்லைப் பார்த்தார். மேலே ஏறி வந்தார்.

“என்னக்கா பண்ணி வெச்சிருக்க? அது யாருக்குன்னு ஒனக்குத் தெரியாது?”

“தெரியும்டா தம்பி. நீ தகரம் போட்டு மூடுன அன்னைக்கே தெரியும்.”

“ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவரு செத்ததை நான் பாக்கல, நீயும் பாக்கல. பாக்காத ஆளை எரிக்க ஒனக்கென்னடா அவசரம்? உக்காரு, சோறு ஆறுது.”

அப்பா தர்ப்பையை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அத்தை பரிமாறினாள். அம்மா தீட்டு என்று தொடவில்லை. அப்பா தலை நிமிராமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார். காரம் அதிகம் போல என்று அவர் பக்கம் தண்ணீரைத் தள்ளி வைத்தேன்.

அதற்கப்புறம் யாரும் பொம்மை கட்டவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அத்தை இன்றைக்கும் மஞ்சள் கயிறும் குங்குமமுமாகத்தான் இருக்கிறாள். சுமங்கலி என்று எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள், கைம்பெண் என்று சொல்லவும் வாய் வராது. நல்லது செய்த சொந்தங்கள்! நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு எனக்குக் கோபமெல்லாம் மாமா மேல்தான். இவ்வளவும் ஆக்கி வைத்திருக்கிறோம், இந்த மனுஷரை இன்னும் காணோமே! சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டாமா? “மாமாவுக்கு?” என்று அத்தையைக் கேட்டேன். எடுத்து வைத்திருக்கிறேன், நீ சாப்பிடு என்றாள். அவரை எரிக்க வைத்திருந்த கட்டையில் வெந்த சோறு அது என்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினேன். அத்தை அள்ளி அள்ளிப் போட்டாள்.